ஆபிரகாமுக்குப் படிக்கத் தெரியும்

வசுமதி கலைவாணனை முதலில் பார்த்தது ஊரப்பாக்கத்தில், ஒரு வங்கிக் கிளையின் வரிசையில். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நடந்தது அது. அவளுக்கு முன்னே நின்றிருந்தவர் கணக்கு தொடங்கும் படிவத்தைத் தமிழில் கேட்டார். தமிழில் இல்லை, இங்கிலீஷில் நிரப்பிக் கொடுங்கள் என்றார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் நல்லாவே தெரியும். ஆனா தமிழ்ப் படிவம் வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கி நின்றுகொண்டார். சத்தம் போடவில்லை. யாரையும் வழிமறிக்கவில்லை. பத்தரை மணிக்கு நின்றவர் மூன்றே முக்காலுக்கும் அங்கேயே நின்றார். வேலையை முடித்துக்கொண்டு போயிருந்த வசுமதி, மாலையில் அந்த வழியாகத் திரும்பியபோது கண்ணாடிக் கதவு வழியே அவரைப் பார்த்து உள்ளே போனாள். தன்னிடம் இருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நாலு மணிக்கு மேலாளர் எங்கிருந்தோ ஒரு தமிழ்ப் படிவத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். கலைவாணன் அதை வாங்கி, நிதானமாக நிரப்பி, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அப்படித் தொடங்கிய பழக்கம். ஒருவரையொருவர் தோழர் என்று அழைத்துக்கொண்டார்கள். கலைவாணன் செங்கல்பட்டுக்காரர், வழக்கறிஞர். நீதிமன்றத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு மொழி உரிமை இயக்கம் ஒன்றை நடத்திவந்தார். வசுமதிக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. கணவர் ரவிச்சந்திரனுக்குக் கல்பாக்கம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தவர்கள். அவள் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே ஓர் அறை எடுத்து மொழிபெயர்ப்பு செய்துவந்தாள். பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வழக்குக்கு வரும் தமிழ்க் காகிதங்கள் எல்லாவற்றையும் இங்கிலீஷில் பெயர்த்து, முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். மாவட்ட நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வசுமதி கையெழுத்து இருந்தால் எந்த நீதிபதியும் மறு கேள்வி கேட்பதில்லை என்று வக்கீல்கள் சொல்வார்கள். அவளுக்கு அதில் பெருமை உண்டு.

வட்டார மொழிகளைக் காக்கவும் வளர்க்கவும் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவிப்பு வந்தபோது கலைவாணன் இரண்டு மாடி ஏறி ஓடி வந்து அவளிடம் சொன்னார். வரைவைத் தயாரிக்க மத்திய அமைச்சகம் ஒரு குழு அமைத்திருந்தது. அந்தக் குழு ஊர் ஊராக வந்து மக்களிடம் கருத்துக் கேட்கும். மாமல்லபுரத்துக்கும் வருகிறது.

முதல் வரைவில் இருபத்து மூன்று பிரிவுகள் இருந்தன. மொழி விழா, விருது, அகராதி, பல்கலைக்கழக ஆய்விருக்கை என்று பெரும்பாலும் அலங்காரம். ஏழாம் பிரிவு மட்டும் வேறு மாதிரி. மத்திய அரசின் எந்த அலுவலகமும் நிறுவனமும் ஒருவருக்குத் தரும் அறிவிப்போ எச்சரிக்கையோ படிவமோ அவர் மொழியில் இல்லாவிட்டால், அது அவருக்குத் தரப்படாததாகவே கருதப்படும் என்று அது சொன்னது.

"இந்த ஒண்ணு போதும் தோழர். மீதி இருபத்திரெண்டையும் அவங்களே வச்சுக்கட்டும்" என்றார் கலைவாணன்.

ஏழாம் பிரிவு ஏன் வேண்டும் என்று மக்களே சொல்ல வேண்டும் என முடிவு செய்தார்கள். நாலு மாதம் அலைந்தார்கள். வேடந்தாங்கல் பக்கம் பயிர்க் காப்பீட்டுப் படிவத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாத விவசாயிகள், படூரில் இந்தியில் வந்த நோட்டீசைப் பக்கத்து அடுக்ககத்து வடநாட்டுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னதை வசுமதி தமிழில் எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள்.

கடைசியாக எல்லம்மாளிடம் போனாள்.

எல்லம்மாள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கரைக் குடியிருப்பில் இருந்தாள். கடற்கரை விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அவள் கணவர் ஆபிரகாம் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மத்திய அரசுக் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். தரையடித் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்ய இறங்கியவர் திரும்பி மேலே வரவில்லை. தொட்டியின் மூடிக்கு மேலே சிவப்புப் பலகை இருந்தது. உள்ளே நச்சுக் காற்று இருக்கிறது, இறங்காதே என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. விசாரணை நடத்திய அதிகாரி, எச்சரிக்கைப் பலகையை மீறி இறங்கியதால் நேர்ந்த சாவு என்று எழுதிக் கோப்பை மூடினார்.

அதற்குப் பிறகு எல்லம்மாள் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. டிவிக்காரர்கள் வந்து திரும்பிப் போயிருந்தார்கள். வசுமதியையும் முதல் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள்.

மூன்றாவது தடவை, "இன்னாத்துக்கும்மா திருப்பித் திருப்பி வந்துகினு கீற?" என்றாள்.

வசுமதி ஏழாம் பிரிவைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். எல்லம்மாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு, உள்ளே இருந்த தன் மகள் ஜெபாவைக் கூப்பிட்டாள். ஜெபாவுக்கு இருபத்து மூன்று வயது. கேளம்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தாள்.

"இந்தச் சட்டம் வந்தா, மீறி எறங்கனாருன்னு எழுதனது பொய்யாப் பூடுமா?" என்று எல்லம்மாள் கேட்டாள்.

"பழைய கோப்பை மாத்தும்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா இனிமே யாரையும் அப்படி எழுத முடியாது. அவர் மொழியில போர்டு இல்லன்னா, போர்டே இல்லன்னுதான் அர்த்தம்."

எல்லம்மாள் வசுமதியின் பேனாவைக் கை காட்டினாள். பிறகு, "ஒண்ணு எழுதிக்க. அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு மட்டும் எழுதிறாத" என்றாள். "ஆளாளுக்கு அப்டிதான் நெனச்சிக்கினாங்க. ஆபீசர் கூட, படிக்காத ஆளாம்மான்னு கேட்டாரு. எங்கூட்டு ஆளு டீக்கடையில பேப்பர மொத பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் படிப்பாரு. சர்ச்சுல ஞாயித்துக்கெழம பைபிள் வாசிக்கிறதே அவருதான். நான் அம்மன் கோயிலு, அவரு சர்ச்சு. ஆனா அவரு வாசிக்கிற அன்னிக்கு மட்டும் போயி கேப்பேன். தமிள்ல ஒரு வரி இருந்திருந்தா அவரு எறங்கி இருக்க மாட்டாரு. அதான் நான் சொல்றது. வேற எதுவும் எனக்கு வேணாம்."

வசுமதி அவள் சொன்னபடியே எழுதினாள். வாசித்துக் காட்டினாள். எல்லம்மாள் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

மாமல்லபுரத்துக் கூட்டம் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. பேசுவது பதிவாகாது, எழுத்தில் கொடுப்பதுதான் அறிக்கையில் சேரும் என்று தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி அறிவித்தார். ஆனாலும் எல்லம்மாள் பேசினாள். காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவியோடு உட்கார்ந்திருந்த குழுவினர் ஆறு பேரும் அவள் பேசி முடிக்கும்வரை கைபேசியைத் தொடவில்லை. வெளியே வந்தபோது கலைவாணனின் கண்கள் கலங்கியிருந்தன. "ஏழு நின்னுடும் தோழர்" என்றார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்குமூலங்களையும் வசுமதி இங்கிலீஷில் பெயர்த்தாள். குழுவுக்கு அவை ஒரே அமைப்பில், ஒரே எழுத்துருவில் வேண்டுமாம். தட்டச்சு வேலையைத் தன் அலுவலகத்தில் பார்த்துக்கொள்வதாகக் கலைவாணன் சொன்னார். கெடுவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. தட்டச்சு முடிந்த பிறகு அவள் வந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட நேரம் இருக்காது. அதனால் சான்றுத் தாள்களை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடச் சொன்னார். 'தமிழ் மூலத்துக்கு மாறாத சரியான மொழிபெயர்ப்பு' என்ற வரியும் கீழே அவள் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் உள்ள தனித்தாள்கள். வசுமதி சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டாள்.

ரவிச்சந்திரன் பார்த்துவிட்டு, "வெத்துத் தாள்லயா போடுற?" என்று கேட்டார்.

"தோழர்கிட்டதானே குடுக்கிறேன்" என்றாள்.

எட்டு மாதம் கழித்துச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. செய்தியில் பெயர் மட்டும்தான் சொன்னார்கள். கலைவாணன் தொலைபேசியில், "ஜெயிச்சிட்டோம் தோழர்" என்றார். நாலைந்து பேர் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள், சரியாகக் கேட்கவில்லை. வசுமதி எல்லம்மாளுக்கு உடனே போன் செய்து அதையே சொன்னாள். எல்லம்மாள் அழுதாள்.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை காலையில் ஜெபா செங்கல்பட்டு அறைக்கு வந்தாள். அதுவரை அவள் வசுமதியை அக்கா என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

"மேடம், குழுவோட அறிக்கை வெப்சைட்ல போட்டிருக்காங்க. பாத்தீங்களா?"

வசுமதி பார்க்கவில்லை. ஜெபா கைபேசியை நீட்டினாள். இருநூற்று நாற்பதாம் பக்கம். எல்லம்மாளின் வாக்குமூலம், இங்கிலீஷில். நடுவில் ஒரு வரியை ஜெபா மஞ்சளிட்டு வைத்திருந்தாள். என் கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் பலகையில் என்ன இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை என்பது அதன் பொருள். தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் என்று எல்லம்மாள் சொன்னது எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக, படம் போட்ட பலகை வைத்திருந்தால் நல்லது என்று இருந்தது. அடியில் வசுமதியின் சான்று, முத்திரை, கையெழுத்து.

"எங்க அம்மா இதையா சொன்னாங்க?" என்று ஜெபா கேட்டாள்.

"இல்ல ஜெபா."

"அப்ப நீங்க எழுதினீங்களா?"

"நான் எழுதல. நான் எழுதினது என்கிட்டே இருக்கு." வசுமதி தன் கணினியைத் திறந்து தன் மொழிபெயர்ப்பைக் காட்டினாள்.

ஜெபா படித்தாள். பிறகு, "ஏழாம் பிரிவும் இல்ல மேடம். சட்டத்துல ஏழுன்னு இருக்கறது வேற. அறிவிப்பெல்லாம் 'இயன்றவரை' வட்டார மொழியில வைக்கணுமாம்" என்றாள். "அம்மாவுக்கு இன்னும் சொல்லல. நீங்க விசாரிச்சிட்டுச் சொல்லுங்க."

அவள் போன பிறகு வசுமதி அறிக்கையையும் தன் கோப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மதியம் வரை முப்பதுதான் முடிந்தது. அதில் வேடந்தாங்கல் விவசாயி ஒருவரின் வாக்குமூலமும் மாறியிருந்தது. மீதியை மூடி வைத்துவிட்டுக் கலைவாணனின் அலுவலகத்துக்கு நடந்தாள்.

அலுவலகத்தில் மேஜை, நாற்காலி எல்லாவற்றின் மேலும் பொன்னாடைகள் குவிந்திருந்தன. புதிய சட்டப்படி அமைந்த தேசிய மொழி மன்றத்தில் கலைவாணன் உறுப்பினர். இரண்டு நாளாக வந்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள் என்று அவருடைய உதவியாளர் சொன்னார். வசுமதியின் முகத்தைப் பார்த்ததும் கலைவாணன் அவரை டீ வாங்கி வர அனுப்பினார்.

"அறிக்கை படிச்சீங்களா?" என்று அவரே கேட்டார்.

"ஆபிரகாமுக்குப் படிக்கத் தெரியாதுன்னு யார் எழுதினது?"

"உக்காருங்க தோழர்."

அவள் உட்காரவில்லை.

"குழுத் தலைவர் என்னைத் தனியாக் கூப்பிட்டார்" என்றார் கலைவாணன். "ஏழு இருந்தா ஒரு அமைச்சகமும் ஒத்துக்காதுன்னார். ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம், எல்லாத்துமேலயும் மறுநாளே வழக்கு வரும். அந்தப் பிரிவை எடுத்தா மீதி நிக்கும். எடுக்கலன்னா மொத்தமும் அலமாரிக்குப் போகும். இருபது வருஷமா நான் இதுக்காக நிக்கிறேன். கைக்கு வந்ததை எப்படி விடறது? நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"எங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான்."

"பிரிவை எடுத்தது அவங்க. வாக்குமூலத்தை மாத்தினது யார்?"

கலைவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்னாங்க. சாட்சிகள் சொன்னதிலேயே இருந்தா நல்லதுன்னாங்க. படிப்பறிவில்லாதவங்களுக்கு எந்த மொழியில போர்டு வச்சாலும் பயனில்ல, அதனால படம் போட்ட போர்டுன்னு வாதம் அமைஞ்சுது. அதுவும் இப்ப சட்டத்துல இருக்கு. நல்ல பிரிவுதான். பதினொரு வாக்குமூலத்துல ரெண்டு ரெண்டு வரி. அவ்வளவுதான் மாறியிருக்கு."

"அவங்க கணவர் படிச்சவர்னு எழுதணும், அது ஒண்ணுதான் அவங்க கேட்டது."

"அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா செத்துப் போனவருக்கு அதனால என்ன நஷ்டம் தோழர்? உயிரோட இருக்கற எத்தனையோ லட்சம் பேருக்கு ஒரு சட்டம் கிடைச்சிருக்கு."

வங்கியில் ஒரு நாள் முழுக்க நின்ற மனிதர்தானா என்று வசுமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மாறிப்போனவராகவும் தெரியவில்லை. அதே நிதானம், அதே தாழ்ந்த குரல். அதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது.

"சட்டத்தோட தமிழ்ப் பதிப்புக்கு உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்" என்றார் அவர். "உங்களை விட்டா யார் செய்வாங்க? அப்புறம் ஒண்ணு. இதை வெளியில கொண்டு போனா, முதல்ல கேக்கற கேள்வி, வெத்துத் தாள்ல ஏன் கையெழுத்துப் போட்டீங்கன்னுதான். நான் மிரட்டல. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

உதவியாளர் டீயோடு வந்தார். வசுமதி குடிக்காமல் இறங்கி வந்தாள்.

உடனே எல்லம்மாளிடம் போயிருக்கலாம். போகவில்லை. பதினொரு நாள் அவள் எதுவும் செய்யவில்லை. ஒரு சட்டத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அந்தப் பக்கங்களைக் கற்பனை செய்துகூடப் பார்த்தாள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று ரயிலில் யோசித்தாள். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஜெபா ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. போன் வந்திருந்தால் எரிச்சலாவது பட்டிருக்கலாம்.

"நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போவுது?" என்று ரவிச்சந்திரன் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அவள் என்ன செய்வாள் என்ற கவலை அவருக்கு.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும்" என்றாள் வசுமதி. "எனக்குத் தெரியும்."

மறுநாள் பிற்பகல் மாமல்லபுரம் போனாள். விடுதியின் பின்வாசலில் வேலை முடிந்து வெளியே வந்த எல்லம்மாள் அவளைப் பார்த்ததும் சிரித்தாள். சவுக்கு மரங்களுக்குக் கீழே, மதிலோரம் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எல்லம்மாளின் விரல்கள் சோடாக்காரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சட்டம் வந்துட்ச்சின்னு எங்க சூப்பர்வைசராண்ட சொன்னேன்" என்றாள்.

வசுமதி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை.

"படிக்கத் தெரியாதவருன்னா எழுதிக்கீறாங்க?"

"ஆமாக்கா."

"நான் சொன்னனே. அத மட்டும் எழுதிறாதன்னு மொதல்லயே சொன்னனே."

"சொன்னீங்க. நான் அப்படித்தான் எழுதினேன்."

"அந்தப் பேப்பர்ல யாரு கையெழுத்து கீது?"

"என்னோடது."

"படிச்சிப் பாத்துதான் போட்டியா?"

"இல்லக்கா. வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்தேன்."

"இன்னாத்துக்கு அப்டி போட்ட?"

"அவரை நம்பினேன்."

எல்லம்மாள் தலையை ஆட்டினாள். "நானும் உன்ன நம்பித்தான் போட்டேன்" என்றாள்.

எல்லம்மாளின் குரல் உயரவில்லை. "மீறி எறங்கனாருன்னு எழுதனான் பாரு அந்த ஆபீசரு, அவன் யாரோ எவனோ. அவன் பாசை வேற, ஊரு வேற. அது எரிச்சலா கீதே தவிர ஆச்சரியமா இல்ல. இது நம்ம ஆளுங்க எழுதனது. தமிளு தமிளுன்னு சொல்லிக்கினு எங்கூட்டுக்கு வந்தவங்க. எனக்குத் தெரியாத பாசையில எம்பேரப் போட்டு, எம்புருசன அறிவில்லாதவன்னு எழுதி வச்சிக்கீறீங்க. ஆறு வருசமா வாயத் தொறக்காம இருந்தேன். தொறக்க வச்சதே நீதான்."

எல்லம்மாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். கூட வரச் சொல்லவில்லை.

அந்த வாரமே வசுமதி ஒரு பிரமாணப் பத்திரம் எழுதினாள். தான் வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டதை முதல் பத்தியிலேயே சொன்னாள். மாற்றப்பட்ட பதினொரு வாக்குமூலங்களின் தமிழ் நகல்களையும் தன் மொழிபெயர்ப்புகளையும் இணைத்து, அமைச்சகத்துக்கும் மாவட்ட நீதிபதிக்கும் அனுப்பினாள். மாவட்ட நீதிபதி இருபது நாளில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது. அமைச்சகம் இரண்டு மாதம் கழித்து, சட்டம் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதியது. அறை வாடகைக்குக் கைகொடுத்து வந்த வேலை நின்றது. தெரிந்த வக்கீல்கள் எதிரே வந்தால் நின்று பேசினார்கள், வேலை கொடுக்கவில்லை.

மற்ற பத்துப் பேரையும் அவள் நேரில் போய்ப் பார்த்து, தங்கள் வாக்குமூலம் மாற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டாள். ஒருவர் திட்டி அனுப்பினார். வேடந்தாங்கல் விவசாயி மோர் கொடுத்து உட்கார வைத்து, "வுடும்மா. சட்டம்னு ஒண்ணு வந்துகீது இல்ல? கலைவாணன் சாரு எங்க ஏரிப் பிரச்சினைக்கும் வர்றேன்னிருக்காரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கலைவாணன் ஒரே ஒரு தடவை போன் செய்தார். "உங்களை நீங்களே அழிச்சிக்கிட்டீங்களே தோழர்" என்றார். உண்மையாகவே வருத்தப்படுகிற குரல். அவள் போனை வைத்துவிட்டாள். அந்தச் சித்திரையில் மாமல்லபுரத்தில் முதல் தேசிய மொழி விழா நடந்தது. அவர்தான் வரவேற்புரை.

வழக்குப் போடலாம் என்று சொன்னது ஜெபா. வசுமதியிடம் வந்து கேட்கவில்லை. பிரபா என்ற இளம் வழக்கறிஞரைத் தானே தேடிப் பிடித்திருந்தாள். எல்லம்மாளின் பெயரில் இருக்கும் பொய்யான வாக்குமூலத்தை அறிக்கையிலிருந்து நீக்கி, அவள் தமிழில் சொன்னதைச் சேர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் மனு. சட்டத்தை அது மாற்றாது, ஏழாம் பிரிவு திரும்பி வராது என்று பிரபா முன்பே சொல்லிவிட்டாள். வசுமதி சாட்சியாக வர வேண்டியிருக்கும். வருகிறேன் என்றாள்.

கையெழுத்துப் போடும் நாளில் எல்லோரும் செங்கல்பட்டில் பிரபாவின் அலுவலகத்தில் கூடினார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனு இங்கிலீஷில்தான் இருந்தாக வேண்டும். ஒன்பது பக்கம். பிரபா அதை மேஜையில் வைத்து, மனு என்ன சொல்கிறது என்று எல்லம்மாளுக்கு விளக்க வசுமதியைப் பார்த்தாள். வசுமதி நாற்காலியை நகர்த்தினாள்.

"அவங்க வேணாம்" என்றாள் எல்லம்மாள். "ஜெபா, நீ படி. ஒவ்வொரு வரியா. இங்கிலீசுல படிச்சிட்டு, தமிள்ல சொல்லு." பிறகு வசுமதியைப் பார்த்து, "நீ செத்த வெளிய இரும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வசுமதி வெளியே வந்து மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. ஜெபாவின் குரல் கேட்டது. சட்டச் சொற்களில் தடுமாறினாள். ஓரிடத்தில் ஒரு சொல்லுக்கு அவள் தவறான தமிழ் சொன்னாள். எல்லம்மாள் அதையும் திருப்பிக் கேட்டாள். வசுமதிக்குச் சரியான சொல் நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லவில்லை. உள்ளே பிரபா அகராதியைப் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூவரும் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார்கள்.

நாலாம் பக்கத்துக்கு வந்தபோது ஜெபா நிறுத்தி மூச்சு விட்டாள். "என் கணவர் ஆபிரகாம் தமிழில் சரளமாகப் படிக்கக் கூடியவர்" என்றாள்.

"இன்னொரு தடவ படி" என்றாள் எல்லம்மாள்.

ஒன்பது பக்கமும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எல்லம்மாள் ஒவ்வொரு பக்கத்திலும் பெயரை எழுதினாள். வெளியே வந்தவள் வசுமதியின் முன்னால் ஒரு கணம் நின்றாள்.

"கேசு அன்னிக்கு வருவ இல்ல?"

"வருவேன்க்கா."

"வா" என்றாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.